எட்டு மணித்தியாலச் சமையல்

"மணம் வருகுதோ அன்ரி?"

"நல்லா வருகுது தம்பி. உங்கடை கதவடியிலைதான் நிக்கிறன். இறைச்சி, இஞ்சி, கறுவா எல்லாம் சேர்ந்து என்ரை வாசல்மட்டும் வருகுது."

றொய்சனுக்கு நிம்மதியாக இருந்தது. பிறம்ரன் நகரில், வேலை செய்யும் கிடங்கின் சாப்பாட்டு அறையில், ஆறிப்போன சான்விச்சைக் கடித்தபடி ஃபோனைக் காதில் வைத்திருந்தான். மறுமுனையில் இருந்த கிளடிஸ் அன்ரிக்கு டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடி, அவனுடைய வீட்டுக்கு நேர் எதிர்க் கதவு.

மணம் வந்தால் மனைவி வேரோனிக்கா அடுப்படியில் நிற்கிறாள். அவள் அடுப்படியில் நின்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அவன் அறிந்தது அவ்வளவுதான்.

மன்னாரிலிருந்து அவளைக் கூப்பிட்டு இரண்டு வருடம். முதலில் இங்கிலிஷ் வகுப்பை நிறுத்தினான். பிறகு தனியாகத் தேவாலயத்துப் பூசைக்குப் போவதை நிறுத்தினான். போன கிழமை, தமக்கையோடு அதிகம் கதைக்கிறாள் என்று அவளுடைய ஃபோனையும் பறித்துத் தன் லொக்கருக்குள் வைத்துவிட்டான்.

வீட்டுச் சாவி இரண்டும் அவனுடைய சட்டைப்பையில். அந்தக் கதவு சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும், சாவியில்லாமல் வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. ஜன்னலோ நாலு அங்குலத்துக்கு மேல் திறக்காது. அந்த நாலு அங்குலத்தால்தான் அந்தப் பிள்ளை இரண்டு பனிக்காலத்தைப் பார்த்தாள். றொய்சன் அதைக் குடும்ப ஒழுங்கு என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

ஃபோனைப் பறித்ததில் ஒரேயொரு சிக்கல், அவளை வேவு பார்க்க அவனுக்கே வழியில்லாமல் போய்விட்டது. அதற்குத்தான் கிளடிஸ் அன்ரி. அவனுடைய தாயோடு ஊரில் ஒரே கோயிலுக்குப் போனவர், இங்கேயும் ஞாயிறு பூசை தவறாதவர். செத்தாலும் பொய் சொல்லமாட்டார் என்று தாயே சொல்லியிருந்தார்.

இன்றைய இறைச்சி நூடில்ஸ் வேரோனிக்காவே கேட்டது. மாட்டிறைச்சி, கரட், முட்டை நூடில்ஸ் என்று அவள் சொல்ல, அவன்தான் வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு வழியாக அடங்கிவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோசம்.

மின்சாரப் பானையை அன்ரி இரவல் கொடுத்தார். தொழிற்சாலையில் இரண்டு வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம். "காலமை எல்லாத்தையும் போட்டு மூடிவிட்டிட்டுப் போனா, பின்னேரம் வந்து சாப்பிடலாம் தம்பி," என்று சொல்லித்தான் கொடுத்தார். வாழ்நாளில் ஒரு முட்டைகூட அவிக்காத றொய்சன், சாப்பாட்டைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி எடுத்தான்.

"என்ன அன்ரி, சத்தம் கித்தம் ஏதும் கேக்குதோ?"

"ஒரு சத்தமும் இல்லை தம்பி."

"ஆரும் வந்து கதவைத் தட்டினவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை. கதவு சாத்தினபடிதான் கிடக்கு."

"உப்பைக் கூடப் போட்டிடுவாள் அன்ரி. கொஞ்சம் சொல்லிவிடுங்கோ."

"அதெல்லாம் அளவாத்தான் இருக்கு. காலமை நான் பக்கத்திலை நிண்டுதான் போடுவிச்சனான்."

இப்படி ஒரு அன்ரி எதிர்வீட்டில் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று றொய்சன் நினைத்துக்கொண்டான். அவனுடைய கண்ணுக்குள் வேரோனிக்கா தலையைக் குனிந்தபடி பானையைக் கிண்டிக்கொண்டே நின்றாள்.

ஐந்தரைக்கு லிஃப்டிலிருந்து இறங்கும்போதே வாயூறியது. கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே மேசையில் போய் இருந்தான்.

"வேரோ, பசிக்குது. போடு."

எழும்பி உள்ளே போனான். அடுப்படியில் பானை மூடிக்குள் இறைச்சி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நூடில்ஸ் பைக்கற் உடைக்காமல் கிடந்தது, கழுவி வைத்த கத்தி காய்ந்துபோய் இருந்தது.

குளியலறையைப் பார்த்தான். படுக்கையறையைப் பார்த்தான். அலுமாரியில் அவளுடைய பக்கம் வெறும் கொழுக்கிகள்தான் தொங்கின.

ஓடிப்போய் எதிர்க் கதவை இரண்டு கையாலும் அடித்தான். கிளடிஸ் அன்ரி சங்கிலியைப் போட்டபடியே கதவைக் கொஞ்சம் திறந்தார்.

"அன்ரி, வேரோனிக்கா எங்கை?"

"நல்ல இடத்திலை இருக்கிறாள். எங்கையெண்டு கேக்காதை, சொல்லமாட்டன். நீ தேடி வருவாய் எண்டு பொலிசுக்கும் சொல்லியாச்சு."

"நாள் முழுக்க மணம் வருகுது எண்டு சொன்னனீங்களே! பூசைக்குப் போற மனிசி பொய் சொல்லலாமோ?"

"மணம் வந்ததுதானே தம்பி. நான் சொன்னதிலை எது பொய்?"

"அப்ப அவள் வெளிக்கிட்டுப் போகேக்கை நீங்கள் காணேல்லையோ?"

"காணாமலோ? சூட்கேசின்ரை மற்றப் பக்கத்தைப் பிடிச்சது நான்தானே!"