இடுப்பளவு

டெய்லர் அருளப்பனின் முழங்கையிலிருந்து உதிரும் வெள்ளைச் செதில்களை வாடிக்கையாளர்கள் சாக்பீஸ் தூள் என்றே நினைத்திருந்தார்கள். அவரும் மறுத்ததில்லை, துணியை உதறிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொள்வார். கறுப்பு பேண்ட் தைக்கக் கொடுத்த ஒருவர் முகம் சுளித்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "சோரியாசிஸ்" என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

"சட்டையத் தூக்குங்க. இடுப்ப அளக்கணும்."

"நான் முழங்கைக்குத்தானே வந்தேன் டாக்டர்."

"இது தோலோட நிக்கிறதில்ல. இது இருக்கிறவங்களுக்குத் தொப்பை, சுகர், பிரஷர் எல்லாம் கூடவே வர்றதுண்டு. வயித்த எக்காம நில்லுங்க."

எக்காமல் நிற்கச் சொல்லி ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர் அவர். யாரும் கேட்பதில்லை என்பதால், சொல்லாமலே ஓர் இஞ்ச் கூட்டி வெட்டுவார். தனக்கு மட்டும் டேப் வைத்ததே கிடையாது. பழைய பேண்ட்டைப் புதுத் துணிமேல் விரித்து, ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிக் கோடு போட்டுக்கொள்வார்.

டாக்டர் நாற்பத்திரண்டு என்றார்.

கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். முப்பத்தொன்பது. டாக்டருடைய டேப்தான் தப்பு என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். டேப் வயிற்றில் இறுகியது. அவசரமாக மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆளில்லாத கடையில் யாருக்காக எக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கவேயில்லை.