வாசலில் நிறுத்திய வார்த்தை

“டெராசினேட். எங்கே, ஒரு தடவை சொல்லுங்க பார்க்கலாம், டெராசினேட்.”

வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்புகிறவளை வாசலில் மறித்து, இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தருகிற மனுஷனை என்னவென்று சொல்வது? பத்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவடி குவார்ட்டர்ஸில் பதினைந்து வருஷம். கணவர் குணசேகரன் ஃபேக்டரியில் ரிட்டயராகி, அயனம்பாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியாயிற்று. பால் காய்ச்ச அவர் முன்னாலேயே போய்விட்டார். சட்டி பானையெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. ஏறாதது ஒன்றே ஒன்றுதான், கொல்லையில் அவள் வைத்த குண்டு மல்லி.

பூக்கிற செடியைப் பிடுங்கினால் பாவம் என்பாள் பத்மா. தானும் பிடுங்க மாட்டாள், அடுத்தவரையும் பிடுங்கச் சொல்ல மாட்டாள். நம் பாவத்தை இன்னொருத்தர் தலையில் கட்டுவதா? ஒரு வாரமாக அழுததோடு சரி. கடைசியாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரலாமென்று திரும்பினால், பக்கத்து வீட்டு ரகுநாதன்.

அவருக்கு இது ஒரு வியாதி. தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். பால் வாங்கப் போகிறவர்களைக்கூட விட மாட்டார்.

“பிரெஞ்சுலேருந்து வந்ததும்மா. ‘ரசீன்’னா வேர். அதுக்கும் மூலம் லத்தீன், ‘ராடிக்ஸ்’. ராடிஷ்னு சொல்றோமே முள்ளங்கி, அதுவும் இந்த வம்சந்தான்.”

“சரி சார். நான் கொல்லைப் பக்கம் ஒரு நிமிஷம் போயிட்டு...”

“இருங்க, அர்த்தம் சொல்லல பாருங்க. வேரோட பிடுங்கறது. செடியை மட்டுமில்ல, மனுஷங்களைப் பழகின இடத்துலேருந்து கிளப்பினாலும் இதே வார்த்தைதான்.”

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அது இதுதான். பத்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரோ கவனித்த மாதிரியே தெரியவில்லை. முள்ளங்கியிலிருந்து பீட்ரூட்டுக்குத் தாவிவிட்டார். அவள் இந்தப் பக்கம் ஒதுங்கினால் இவரும் இந்தப் பக்கம் வருகிறார்.

“பேபி எங்க சார்? அவகிட்டயாவது சொல்லிட்டுப் போறேன்.”

“அவளுக்குத் தலைவலி. படுத்திருக்கா.”

இத்தனை வருஷப் பழக்கம், அவர் பெண்டாட்டிக்கு எட்டிப் பார்க்க முடியாத தலைவலியாம். பத்மாவுக்கு மனசே விட்டுப்போயிற்று.

“அக்கா, டைமாவுது, வா” என்று லாரிக்கார வேம்புலி ஹாரன் அடித்தான்.

செடியைப் பார்க்காமலே ஏறினாள். தெருமுனையில் வேம்புலி வண்டியை நிறுத்தி, டயரைப் பார்க்கிறேன் என்று இறங்கிப் போனான். பத்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படித்து என்ன பிரயோஜனம், ஒரு பொம்பளை மனசு தெரியவில்லையே அந்த ஆளுக்கு. அயனம்பாக்கம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.

சாமான் எல்லாம் இறங்கியது. கடைசியில் வேம்புலி ஒரு பெரிய ஈரச் சாக்கு மூட்டையை, பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். மூட்டை வாயில் மல்லி இலை தெரிந்தது.

“இன்னாக்கா அப்டி பாக்குற? உன் செடிதான். நீ வாசல்ல பேசிகினு இருந்தப்போ பேபியம்மா பின்னால தோண்டிகினு இருந்தாங்க. வேர் அறுபடாம மண்ணோட எடுத்தாந்து, தெருமுனைல எங்கிட்ட குடுத்தாங்க. நீ பாத்தா உடமாட்டியாமே, அதான் சார் உன்ன மடக்கி வச்சிகினாரு.”

பத்மா மூட்டையைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் வந்தது, பதற்றமும் வந்தது.

“ஐயோ, பூக்கிற செடியாச்சேப்பா. பாவம் அவங்களுக்கில்ல போய்ச் சேரும்?”

“அதுக்கும் சொல்லி அனுப்சாங்கக்கா. பாவம் வந்தா அவங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியா எடுத்துக்குறாங்களாம். பூ வந்தா, நீ ஒரு முழம் கட்டிகினு வரணுமாம்.”