நாற்பத்தேழாம் இருக்கை

"சார், அட்டை வந்தாப் போதாது. அட்டைக்குரிய ஆள் வரணும்."

குழந்தைகளுக்கான வாசலில் நின்ற டிக்கெட் பரிசோதகி, தன்னிடம் நீட்டப்பட்ட அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அட்டையில் முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்த சிறுமிக்கு வயது ஒன்பது. அதை நீட்டியவருக்கு நாற்பது இருக்கும். தலைமுடி பாதி விடைபெற்றிருந்தது.

"என் பொண்ணு அட்டைதான் மேடம். அவ வந்துக்கிட்டே இருக்கா. நீங்க லிஸ்ட்ல ஒரு டிக் போட்டுட்டா வந்ததா ஆயிடும்ல?"

"அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் என்னை இங்க நிக்க வெச்சிருக்காங்க."

அந்தக் கால்பந்து கிளப்பில் குழந்தைகளுக்கு சீசன் டிக்கெட் கொள்ளை மலிவு. வருஷம் முழுக்க ஆட்டம் பார்க்க ஒரு ஜோடி செருப்பு விலைகூட ஆகாது. மலிவாகக் கிடைப்பதற்கு மதிப்பு இருக்காதே என்று கிளப்புக்குக் கவலை. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். மூன்று ஆட்டத்துக்கு வராத பிள்ளையின் இருக்கை, காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். இடைவேளை விசிலுக்குள் வாசலைத் தாண்டாவிட்டாலும் வராத கணக்குத்தான். நாற்பத்தேழாம் இருக்கைச் சிறுமி காய்ச்சலில் படுத்து ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களைக் கோட்டை விட்டிருந்தாள். இன்று வராவிட்டால் மூன்று.

"இப்ப எங்கதான் இருக்கா?" என்று கேட்டாள் பரிசோதகி.

"அவ மாமன் கூட்டிட்டு வந்தான் மேடம். என் மச்சான். அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் உருண்டைன்னுகூடத் தெரியாது. கூட்டம் எங்க இருக்கோ அதுதான் வாசல்னு போய் நின்னுட்டான். அது எதிரணிக்காரங்க வாசலாம். அரை மணி நேரம் வரிசையில நின்னு, கதவுகிட்ட போனப்பறம்தான் இது உங்க வாசல் இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்துவிட்டான். அப்பா முறைத்ததும் இருமுவதுபோல் சமாளித்தான்.

"அங்கேருந்து இங்க வர மைதானத்தையே சுத்தணும் சார். பெரியவங்க நடந்தாலே கால் மணி நேரம்," என்றான்.

பரிசோதகி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இடைவேளைக்கு ஏழு நிமிஷம் இருந்தது. தெருமுனைவரை நடந்துபோய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி கடிகாரம். அவளுக்கு இருப்புக்கொள்ளவே இல்லை.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுதுக்கா," என்றான் காவலாளி. "பெத்தவரைவிட நீங்க அதிகமாத் தவிக்கிறீங்க."

அவள் மறுபடி தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கூட்டம் ஓவென்று கத்தியது. அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்படி யாருக்குத் தூக்கிக் கொடுக்க மேடம் இவ்வளவு அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. லிஸ்ட்ல முதல்ல இருக்கிற பிள்ளையும் ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டுதான் இருக்கு சார்."

"இருக்கட்டும். என் பொண்ணு காய்ச்சல்ல படுத்திருந்தப்பக்கூட என் சீட் போயிடுமாப்பான்னுதான் கேட்டா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வராதவர்கள் தாளை எடுத்து, '47 – வரவில்லை' என்று எழுதினாள்.

காவலாளிக்கே அது பொறுக்கவில்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கேக்கா."

"கடைசி நேரத்துல கை ஓடாது. அதான்."

"என் பொண்ணு வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே நிக்கிற மாதிரில்ல இருக்கு," என்றார் அப்பா.

விசில் ஊதியது.

பரிசோதகி மூச்சை மெதுவாக விட்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனபோது தெருமுனையில் ஒரு சின்ன உருவம் திரும்பியது. ஒரு கையில் கழன்றுபோன ஷூ. முகமெல்லாம் வியர்வை. வெகு தூரத்துக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமன்காரர் வந்துகொண்டிருந்தார்.

சிறுமி வாசலில் வந்து நின்றாள். பேச்சு வரவில்லை. அப்பாவின் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கி நீட்டினாள்.

"ஆன்ட்டி... முடிஞ்சிருச்சா?"

பரிசோதகி அட்டையைப் பார்த்தாள். சிறுமியின் ஷூ இல்லாத காலைப் பார்த்தாள்.

"பாதி ஆட்டம் பாக்கி இருக்கு. ஷூவைப் போட்டுக்கிட்டு உள்ள ஓடு."

தாளில் எழுதியதை அடித்துவிட்டு, லிஸ்ட்டில் டிக் போட்டாள்.

"விசில் ஊதிருச்சேக்கா," என்று கிசுகிசுத்தான் காவலாளி.

"எனக்குக் கேக்கல. உனக்குக் கேட்டுச்சா?"

அவன் வானத்தைப் பார்த்தான். "எனக்கும் காது கொஞ்சம் மந்தம்தான்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க மேடம். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"இல்ல சார். நீங்க சரியாத்தான் நினைச்சீங்க."

அவர் புரியாமல் விழித்தபடியே மகளுக்குப் பின்னால் போனார். பரிசோதகியின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான். இந்த அரை மணி நேரத்தில் இது நான்காவது அழைப்பு. காவலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, இடைவேளை விட்டாச்சு, டிவியில பார்த்தேன். அந்தப் பொண்ணு வரலைல்ல? லிஸ்ட்ல நான்தானே முதல்ல இருக்கேன், இனிமே அது என் சீட்தானே?"

"வந்துட்டாடா கண்ணா," என்றாள் அவள். "நீயா இருந்தா எப்படி ஓடி வந்திருப்பியோ, அப்படி ஓடி வந்தா."