இருபத்தாறு மணி நேர லிஃப்ட்காரர்

“சார், கூரையே இன்னும் போடல. அதுக்குள்ள ஃபேன் மாட்டி முடிச்சாச்சுன்னு காட்டுது. எதுல மாட்டினாங்க, மேகத்துலயா?”

டயர் கடை மாடியில் இருந்த அந்தக் கணினிப் பயிற்சி மையத்தில், ‘திட்ட அட்டவணை மென்பொருள் – உயர்நிலைப் பயிற்சி’ என்று போர்டு வைத்து ஆறு மாதமாகிறது. சேர்ந்தவர் இந்த அக்கா ஒருவர்தான். கட்டுமான நிறுவனமொன்றில் பதினெட்டு வருடம் ஸ்டோர் பார்த்தவரை, போன மாதம் திட்டப் பிரிவுக்கு மாற்றி, பாதியில் நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் அட்டவணையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். புதன்கிழமைக் கூட்டத்தில் திறப்புத் தேதியை நிரூபித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திட்டப் பிரிவும் இல்லை, ஸ்டோரும் இல்லை. வீடுதான்.

பயிற்சியாளன் குனிந்து திரையைப் பார்த்தான். அந்த ஃபேனை மேகத்தில் மாட்டியவனே அவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அவனுக்கு வேலை; ஸ்டோர் பக்கம் போனதே இல்லை. “சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரி சார்ட் வேணும்” என்றார் முதலாளி. அன்றைக்கு அந்த மென்பொருளில் அவனுக்குத் தெரிந்தது நிறம் மாற்றுவது மட்டும். முந்நூறு வேலைகளுக்கும் கையாலேயே தேதி அடித்து, அழகாக வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டான்; மென்பொருளை ஒழுங்காகக் கற்றது அதற்கப்புறம்தான். வண்ணத்தை மட்டும் இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.

“யார்க்கா போட்டது இதை?” என்று பச்சைக் குழந்தை போலக் கேட்டான்.

“எனக்கு முன்னாடி இருந்த ஒரு மகானுபாவர். அவர் வாங்கற செருப்பெல்லாம் ரெண்டும் இடது காலாவே அமையணும்!”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல, பயிற்சியாளன் சிரித்து வைத்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“தேதியை ஆணி அடிச்சு வெச்சா எதுவும் நகராதுக்கா. ஆணியெல்லாம் பிடுங்குங்க. வேலையை வேலையோட கோத்து விடுங்க. கூரை முடிஞ்சாத்தான் ஃபேன். கூரை தள்ளிப்போனா ஃபேன் தானா பின்னாடியே போகும்.”

“அட, பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரியா?”

“அதைவிட ஒழுங்காப் போகும்.”

முந்நூறு ஆணிகளையும் பிடுங்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அக்கா அடுத்ததைக் கண்டுபிடித்தார்.

“சார், இந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வேலை செய்யறார். பாவம், அவருக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் இருக்கா?”

“ஒரே ஆளை நாலு லிஃப்ட்லயும் ஒரே நேரத்துல போட்டிருக்கு...”

“அந்த மகானுபாவர் சோப்புப் போட்டு முடிச்சதும் குழாய்ல தண்ணி நிக்கணும்!”

அன்று காலை அவன் வீட்டில் அப்படித்தான் நின்றிருந்தது.

ஆட்களின் சுமையைச் சமப்படுத்தும் வசதியைக் காட்டினான். அழுத்தியதும் லிஃப்ட்காரர் எட்டு மணி நேரத்துக்கு இறங்கி மனிதரானார். திறப்புத் தேதி ஏழு வாரம் தள்ளிப் போனது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“போச்சு. என் வேலை போச்சு சார்.”

“இருங்கக்கா. சிவப்பா இருக்கறதை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் கொஞ்சம் லேட்டானாலும் தேதி நகராது. இதுல ஒண்ணு லேட்டானா எல்லாமே லேட். எல்லாரையும் விரட்ட வேண்டாம், இதை மட்டும் விரட்டுங்க. இன்னொரு மெக்கானிக்கைப் போட்டுப் பாருங்களேன்.”

போட்டார். ஏழு வாரம், ஒன்பது நாளாகச் சுருங்கியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு மகானுபாவருக்கு இன்னொரு சாபம் விட்டார்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. ஒவ்வொரு சாபத்துக்கும், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வித்தையைப் பயிற்சியாளன் சொல்லிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூட்டிய மையத்தைத் திறந்து, மூன்று மணி நேரம் ஒத்திகை கூடப் பார்த்தான்.

புதன்கிழமை மதியம் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“ஜன்னல் கண்ணாடி பத்து நாள் லேட்டா வந்தா என்ன ஆகும்னு முதலாளி மடக்கினார் சார். ஒரே ஒரு எண்ணைத்தான் மாத்தினேன். அத்தனை வேலையும் வரிசையா நகர்ந்து, திறப்பு நாலு நாள் மட்டும் தள்ளி நின்னுச்சு. இனிமே திட்டப் பிரிவுக்கே நான்தான் பொறுப்பாம்!” கை கூப்பினார். “இது நீங்க போட்ட பிச்சை சார். என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.”

அந்தக் கூப்பிய கையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சாபமே தேவலாம் போலிருந்தது.

“அக்கா, கையைக் கீழ போடுங்க. நீங்க இவ்வளவு நாள் திட்டினீங்களே அந்த ஆளு... அது நான்தான்க்கா.”

அக்கா கையைக் கீழே போடவில்லை.

“தெரியும் தம்பி. ஃபைலைத் திறந்த அன்னிக்கே ‘உருவாக்கியவர்’னு உங்க பேரு இருந்துச்சு, எங்க இருக்கீங்கன்னு விசாரிச்சுத்தானே வந்தேன். சும்மா கேட்டிருந்தா புத்தகத்துல இருக்கறதோட நிறுத்தியிருப்பீங்க. திட்டினதாலதான் ஞாயித்துக்கிழமையும் கதவைத் திறந்தீங்க!”