உள் டயர்

மச்சினனின் புது லாரிக்கு அடியில் டார்ச்சோடு குனிந்தபோதும் அவனுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்பு எல்லா வண்டிகளையும் தயார் செய்துவிட வேண்டும், இன்சூரன்ஸும் புதுப்பித்துவிட வேண்டும். அந்த லாரி ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் வண்டியைத் தானே சரிபார்க்கக் கூடாது. தன் வண்டியின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது முதலாளியின் கட்சி.

அதனால் இவன் லாரி மச்சினன் கையில், மச்சினன் லாரி இவன் கையில். வேறு ஆளே கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு?

இத்தனை வருஷம் ஓட்டிய இவனுக்கு அதே ஓட்டை லாரி, அதே மலைப்பாதை. பெண்டாட்டியின் தம்பி, நேற்று வேலைக்கு வந்தவன், அவனுக்குப் புது லாரி, எல்லா டயரும் புதுசு, மேடு பள்ளமில்லாத நெடுஞ்சாலை. பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று இவன் கேட்டதற்கு, மழை முடியட்டும் என்றார் முதலாளி.

வீட்டிலும் அதே கூத்துதான். தம்பியின் ஹாரன் கேட்டால் பெண்டாட்டி வாசலுக்கு ஓடி வருவாள். இவன் ஹாரன் அடித்தால் மட்டும் அடுப்பில் வேலையாக இருப்பாள்.

போன வாரம் மச்சினன் ஒரு புதுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து நீட்டினான். என்னிடம் இருக்கிறது என்று இவன் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான். இருந்தது உண்மைதான், கிழிசல்களோடு.

மச்சினனை மாப்ளே என்று அழைப்பதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. இப்போதெல்லாம் ‘பெரிய டிரைவர்’தான்.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. வைப்பர் ரப்பர் மாற்றினான், பிரேக் பார்த்தான். புது வண்டியாம், பின்னால் ஒரு பிரேக் விளக்கு எரியவில்லை. முனகிக்கொண்டே பல்பைப் போட்டான்.

நடுவில் இன்சூரன்ஸ்காரரை அழைத்துவர முதலாளி இவனை அனுப்பினார். திரும்பி வந்தபோது இவன் லாரிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு நின்றிருந்தான் மச்சினன், முழங்கை வரைக்கும் கறுப்பு. வேலை செய்கிறாராம், பெரிய டிரைவர்.

மிச்சமிருந்தது பின் சக்கரம்தான். வெளி டயர் பளபளவென்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த உள் டயரில் வெளிச்சத்தை அடித்தான்.

மொட்டையாகத் தேய்ந்த டயர். பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு.

இவனுக்குச் சிரிப்பு வந்தது. செல்லப்பிள்ளைக்கே முதலாளி காது குத்தியிருக்கிறார்! புது லாரி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதற்கு நன்றாக வேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் நாலு பக்கமும் படம் எடுத்தார். ஷூவில் சேறு படாமல் நின்றாரே தவிரக் குனியவில்லை.

“உள் பக்கம் நல்லா பாத்தீங்களா? தேஞ்ச டயரால விபத்துன்னா கிளெய்ம் வராது.”

நடுரோட்டில் டயர் வெடிக்கும். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு பெரிய டிரைவர் அதைக் கழற்றுவார். ஷெட்டே சிரிக்கும், பெண்டாட்டி காதுக்கும் போகும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று நினைக்க மனசை இவன் விடவில்லை.

“எல்லாம் சரியா இருக்கு சார்.”

சொல்லி முடிக்கும்போதே முதல் தூறல் விழுந்தது. குடோனில் பாரம் ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டிய அவசரத்தில் மச்சினன் தாவி ஏறினான். இவனைப் பார்த்துக் கையசைத்து, அந்தப் புகழ்பெற்ற ஹாரனை ஒரு தடவை அடித்தான். இவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

கையில் டார்ச் எரிந்தபடியே இருந்தது. சரி, நம்முடைய பாடாவதி டயர் எந்த லட்சணத்தில் இருக்கிறதோ என்று தன் லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்தான்.

உள் டயர் கன்னங்கரேலென்று இருந்தது. புது ரப்பரின் மேல் முளைத்திருக்கும் மெல்லிய முடிகள்கூட இன்னும் உதிரவில்லை.

தொட்டுப் பார்த்தான். விரலில் குத்தின.

முதலாளி தரவில்லை. காலையிலிருந்து ஜாக்கி யார் கையில் இருந்தது என்று இவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீட்டினால் இந்த மாமா வாங்க மாட்டார் என்று தெரிந்து, வாயே திறக்காமல் தன் புது டயரை இதில் மாட்டிவிட்டிருக்கிறான். அங்கே பார்த்துச் சிரித்த புடைப்பு இவனுடைய டயரின் புடைப்பு.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

மழை வலுத்துவிட்டது. டார்ச்சைப் போட்டுவிட்டு ஓடினான். சேற்றில் செருப்பு சிக்கியது, அதையும் விட்டுவிட்டு ஓடினான்.

“மாப்ளே! டேய் மாப்ளே!”

ரோட்டுக்குத் திரும்பிவிட்ட லாரியின் பின்னால் சட்டென்று இரண்டு பிரேக் விளக்குகளும் எரிந்தன. அதில் ஒன்று, இவன் முனகிக்கொண்டே மாற்றியது.