சுவரைப் பார்த்த குடம்

கைலாசநாதன் சார் பித்தளைக் குடத்தை மூன்றாவது முறையாகத் திருப்பி வைத்தார்.

பிறகு அதன் அடியைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். வட்டம் போட்டாகிவிட்டது என்றால் தேர்வு முடியும்வரை குடத்தை யாரும் தொடக்கூடாது. அவரே தொடக்கூடாது.

எழுபத்து நாலு மார்ச் மாதம். பதினோராம் வகுப்பு ஓவியப் பிரிவுக்கு அன்று செய்முறைத் தேர்வு. கணக்கும் வராது, விஞ்ஞானமும் வராது என்று தலைமையாசிரியர் தெட்சிணாமூர்த்தி கழித்துக் கட்டிய ஒன்பது பேருக்கு ஓவியப் பிரிவு என்று பெயர். அவர்களுக்காகக் கைலாசநாதன். மற்ற நாட்களில் அவர் பெஞ்சுகளுக்கு எண் எழுதுவார், ஆண்டு விழாவுக்குத் தட்டி எழுதுவார், கழிப்பறைச் சுவரில் பிள்ளைகள் சொந்தமாக வரைந்ததன்மேல் சுண்ணாம்பு அடிப்பார். நேரம் மிஞ்சினால் ஓவியம் சொல்லிக் கொடுப்பார்.

சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான். "தெரிஞ்சத வரையாத. கண்ணுக்குப் படுறத வரை."

பதினெட்டு வருடமாக அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடத்தை எதிரில் வைத்தாலும் அவரவர் மனத்தில் இருக்கும் குடத்தைத்தான் வரைவார்கள். அதனால் அவருக்கும் இதுவரை எந்தச் சங்கடமும் வந்ததில்லை.

தெட்சிணாமூர்த்திக்கும் கலை ரசனை உண்டு. தை மாதம் கைலாசநாதனின் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், தாலி கட்டியதைப் பார்த்தாரோ இல்லையோ, சீர்வரிசைப் பாத்திரங்களை ஒன்றுவிடாமல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். போன வருடம் ஓவிய வகுப்புக்குப் புதுக் குடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பள்ளியின் பெயரை அதில் வெட்டிவிடச் சொன்னார். எழுத்து இருந்தால் பிள்ளைகளின் கண் உருவத்தை விட்டுவிட்டு எழுத்துக்குப் போய்விடும் என்று வாதாடி, வெட்டவிடாமல் செய்தார் கைலாசநாதன். அன்று அதை மனதாரத்தான் சொன்னார்.

குடத்துக்கு முன்னால் அரைவட்டமாக முக்காலிகள். எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒன்பதாவது ஆள் அமுதம், கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே வந்து சேர்ந்தாள். நல்ல மார்க் வாங்கினால் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கலாம், இல்லாவிட்டால் உளுந்து பிடுங்கலாம் என்று அவள் அப்பா கருப்பையன் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அரைவட்டத்தில் இடமில்லை. பிறருக்கு உதவாமல் இருக்க முடியாத தெட்சிணாமூர்த்தி, தானே ஒரு முக்காலியைத் தூக்கிவந்து, குடத்துக்குப் பின்னால் சுவர் ஓரமாகப் போட்டு, அங்கேதான் நல்ல வெளிச்சம் என்று அவளை உட்கார வைத்தார்.

கைலாசநாதன் வாயைத் திறந்தார். சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரமும் அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நீலகண்டன், இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, நாற்காலியை விட்டு எழாமலே தாள்களைப் புரட்டினார். எட்டுத் தாள்களில் எட்டுக் குடங்கள், பொங்கல் வாழ்த்து அட்டையில் வருவதுபோல வழவழவென்று இருந்தன. எட்டுப் பேரும் பாஸ்.

ஒன்பதாவது தாளில் அவர் கை நின்றது.

குடத்தின் வயிற்றில் ஒரு நசுங்கல். அதற்குக் கீழே, பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அந்த மாதிரி எழுத்துகள். வளைவோடு வளைந்து, போகப் போகச் சிறுத்து, விளிம்பில் காணாமல் போயின.

தேர்வுத் தாளில் ஆள் பெயர் எழுதினால் தாள் செல்லாது, விதி அப்படி என்றார் நீலகண்டன்.

"குடத்துல இருக்குதுங்க ஐயா. கண்ணுக்குப் பட்டதத்தான் போட்டேன்" என்றாள் அமுதம்.

எழுந்து நாலு அடி நடந்திருந்தால் நீலகண்டனே பார்த்திருக்கலாம். ஆனால் அவர் தேர்வாளர். குடத்தில் எழுத்து இருக்கிறதா என்று உட்கார்ந்தபடியே கேட்டார்.

தெட்சிணாமூர்த்தி முந்திக்கொண்டார். அந்தக் குடத்தில் எழுத்தே வெட்டவில்லை, வேண்டாமென்று சொன்னவரே இதோ நிற்கிறார், அவரையே கேளுங்கள் என்றார்.

கைலாசநாதன் தலையை ஆட்டினால் போதும். பெண் உளுந்து பிடுங்கப் போய்விடும். குடம் சுவரைப் பார்த்தபடியே இருக்கும்.

அமுதம் அழவில்லை. இரண்டு மணி நேரம் குடத்தைப் பார்த்த அதே நிதானத்தோடு இப்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கிறது, அதுவும் இந்தக் குடத்துக்கா கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. கூடவே, வெட்கமில்லாமல், கொஞ்சம் பெருமையும் வந்தது.

நடந்துபோய் வட்டத்துக்குள்ளிருந்து குடத்தைத் தூக்கினார். திருப்பி வைத்தார்.

நசுங்கல் இருந்தது. எழுத்துகளும் இருந்தன. 'தலத்தெரு கைலாசநாதன் – கல்யாணசுந்தரி திருமண அன்பளிப்பு 1951.' அமுதத்தின் தாளில் 'கைலாசநா' வரைக்கும்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும்.

நீலகண்டன் தாளையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைத் திறந்து தொண்ணூற்றொன்று போட்டார்.

தெட்சிணாமூர்த்தி எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு அவருடைய வலது கை தானாக மடங்கி, விரல் முட்டியால் குடத்தை ஒரு தட்டுத் தட்டியது. ஓசை அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டார்.

தை மாதம், சீர்வரிசையின் நடுவில் எழுத்தே இல்லாமல் பளபளத்த புதுக் குடத்தை இதே மாதிரி தட்டிவிட்டு, "நல்ல கனம் சார், எங்க வாங்குனீங்க?" என்று கேட்டவர் அவர்தான்.