பச்சை வண்டியின் குறைகள்

கொட்டகையில் இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டு நின்றன. விலைக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு கொட்டகை முதலாளி சொல்லியனுப்ப, கார் சேகரிக்கும் செல்வர் வந்திருந்தார்.

"சிவப்பை எடுத்துக்கங்க சார், இன்ஜின் அசல்!" மெக்கானிக் மன்றாடினார். "பச்சையில அடிச்சட்டமெல்லாம் துரு. கியர்பாக்ஸ் வேற வண்டியோடது."

செல்வர் நகைத்தார். "நாப்பது வண்டி வாங்கினவன்யா நான். மெக்கானிக் எதைத் திட்டுறானோ, அதுதான் நல்ல வண்டி. பச்சையே போதும்!"

"வேணாம் சார், உங்க கால்ல விழறேன்!"

அதற்குள் அவர் பச்சை வண்டியின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நரைத்த தலையோடு ஓர் அம்மாள் அமர்ந்திருந்தாள். மெக்கானிக்கைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏங்க, ட்ரையல் ஓட்டக் கூட்டிட்டுப் போறேன்னீங்களே! முதலாளி வர்றதுக்குள்ள கிளம்புங்க."

மெக்கானிக் தலைகுனிந்தார். "என் சம்சாரம் சார். எல்லாம் மறந்துபோச்சு. இந்த சீட்டுல உக்காந்தா மட்டும்தான் என்னை அடையாளம் தெரியுது."

செல்வர் ஓசையின்றிக் கதவைச் சாத்தினார்.

"நீங்க சொன்னது சரிதான். அடிச்சட்டம் ரொம்பத் துரு. சிவப்பையே எடுத்துக்கறேன்."